பாலாலயம் இல்லாத திருப்பணி

பழைய கோவிலைப் புதுப்பிக்க நினைக்கிற சைவரும் வைணவரும் எடுத்த எடுப்பில் கல்லில் கை வைக்க மாட்டார்கள். உள்ளே இருக்கிற சாமியைக் கும்பத்து நீருக்கோ மரப்பலகைக்கோ மந்திரத்தால் இறக்கி, பக்கத்தில் சிறிதாக ஓர் இடம் செய்து அங்கே குடிவைப்பார்கள். அதுதான் பாலாலயம். திருப்பணி எத்தனை வருஷம் இழுத்தாலும் பூசை அங்கே நிற்காமல் நடக்கும். வேலை முடிந்ததும் அதே சாமியை மேளதாளத்தோடு உள்ளே அழைத்துவந்து குடமுழுக்குச் செய்வார்கள்.

கத்தோலிக்கர்களாகிய நாங்களும் இதைத்தான் செய்கிறோம். பழைய கோவிலைப் பிரிக்கும் முன் நற்கருணைப் பேழையைக் கொட்டகைக்கு மாற்றுவோம். திருப்பலி, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் கீற்றுக் கொட்டகையில் நடக்கும். ஆயர் வந்து புதுக் கோவிலை அர்ச்சித்த பிறகு நற்கருணை உள்ளே போகும். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாமலேயே இரண்டு சமயத்தாரும் ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். புதுப்பிக்கும் முன் உள்ளே குடியிருப்பது யார் என்று கேட்க வேண்டும், அவருக்கு இடம் செய்ய வேண்டும், அவரைத் திரும்பக் கொண்டுவராத வரை வேலை முடிந்ததாகச் சொல்லக் கூடாது.

இதே கேள்வியை ஒரு நகரத்தைப் பார்த்துக் கேட்கலாமா? கொஞ்ச காலமாக எனக்குள் இது ஓடிக்கொண்டிருக்கிறது. நகரம் பாண்டிச்சேரி.

நான் ராயப்பன்பட்டிக்காரி. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மேகமலை அடிவாரத்தில், சண்முகநதி அணையை ஒட்டிய ஊர். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. என் தங்கை பாண்டிச்சேரியில் வாக்கப்பட்டவள். அவள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரை வரைக்கும் இருப்பது பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த பகுதி. இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறுக்கு வருகிறவர்கள் பாண்டிச்சேரி என்று சொல்வது அந்தச் சில தெருக்களைத்தான். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மதிலுக்கு மேலே காகிதப்பூ, சுவரோரம் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற ஜோடிகள்.

அந்தப் பழமையைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். கட்டம் கட்டமான அந்தத் தெரு அமைப்பு, 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டத்திலிருந்து வந்தது. 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிவந்து மறுபடி எழுப்பினார்கள். ஆகவே இன்றைக்கு நாம் பாதுகாக்கிற பழைய ஊரே இடிந்து திரும்பக் கட்டப்பட்ட ஊர்தான். புதுப்பித்ததால் ஒரு இடம் பொய்யாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். புதுப்பித்தலின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபம் வேறிடத்தில் இருக்கிறது, அதை ஒரு வீட்டைக் கொண்டு சொல்கிறேன்.

தங்கையின் மாமியாருக்கு எண்பதுக்கு மேல் வயது. சின்ன வயதில் துய்மா வீதிப் பக்கம் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் வேலை பார்த்தவர். பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, பிள்ளைகளுக்குத் தலைவாருவது. அந்தக் குடும்பம் கப்பலேறிப் போனபின் அந்த வீடு கைமாறி, நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, இப்போது அழகான விடுதியாக இருக்கிறது. அங்கே வரவேற்பில் வேலை பார்ப்பவள் அவருடைய சொந்தப் பேத்தி. ஒருநாள் மத்தியானம், கூட்டமில்லாத நேரம் பார்த்து, எங்களைக் கூட்டிப்போனாள்.

"ஆயா, இதான் நீ வேலை செஞ்ச வூடு."

அவர் வாசலில் நின்று வளைவைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார், பச்சை ஜன்னல் கதவுகளைப் பார்த்தார். "இல்லம்மா. இது இல்ல. நீ வேற வூட்டச் சொல்ற" என்றார். உள்ளே கூடத்திலும் அதே பதில். பேத்தி சங்கடப்பட்டுப்போய் எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு கிணறு, மேலே இரும்பு வலை போட்டு மூடி, சுற்றிலும் தொட்டிச்செடி வைத்திருந்தார்கள். கிணற்றைப் பார்த்தவுடன் அவர் என் கையை விட்டுவிட்டு நேரே போய் விளிம்பைத் தொட்டார். "இதான். இங்கதான் துவைக்கிற கல்லு. அந்தாண்ட கதவு இருந்திச்சு, எங்க கதவு?" அந்தக் கதவை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அத்தனை வருஷம் வேலை பார்த்தும் அந்த வீட்டை அவர் முன்வாசலில் நின்று பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த வீடு பின்னால் இருந்தது.

புதுப்பித்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. பழைய படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையைக் கை தெரிந்த கொத்தனாரை வைத்துச் செய்திருக்கிறார்கள். முகப்பு அப்படியே இருக்கிறது. அதே வீட்டில் இளமையைக் கழித்த ஒரு மனுஷிக்கு அந்த வீடு அடையாளம் தெரியவில்லை. எதை வைத்து அதைப் பழைய வீடு என்கிறோம்? சுவரை வைத்தா, சுவருக்குள் நடந்த வாழ்க்கையை வைத்தா? வாழ்க்கையை வைத்து என்றால், யாருடைய வாழ்க்கை?

என் தங்கை மகன் என்ஜினியர். அவனிடம் இதைச் சொன்னபோது நியாயமான ஒரு பதில் சொன்னான். "பெரியம்மா, ஓட்டல் வரலைன்னா அந்த வீடு இந்நேரம் மண்ணாப் போயிருக்கும். சுண்ணாம்பு வேலைக்கு என்ன செலவாகும்னு உங்களுக்குத் தெரியுமா? சம்பாதிக்காத சுவர் நிக்காது." மறுக்க முடியாது. 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில், கடற்கரை ஓரம் நின்ற பழைய மேரி கட்டடம் சரிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், நகராட்சி நடந்த இடம். காசு செலவழிக்காமல் விட்டால் பாரம்பரியம் அப்படித்தான் போகும். பிறகு உலக வங்கிக் கடனில் அதே தோற்றத்தில் திரும்ப எழுப்பினார்கள். 2021 பிப்ரவரி 25-இல் பிரதமர் திறந்துவைத்தார்.

புது மேரி பழைய மேரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. கல் வேறு, சாந்து வேறு, ஆகவே நகல் என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எங்கள் விசுவாசத்தில் உடலின் உயிர்ப்பு உண்டு. மண்ணோடு மண்ணாகிப்போன உடல் எப்படி அதே உடலாக எழும் என்று திருச்சபையின் அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் சொன்ன வழி எனக்குப் பிடிக்கும். உடலை இன்னாருடைய உடலாக ஆக்குவது அதில் குடியிருக்கும் ஆன்மா, அதே ஆன்மா திரும்ப வந்து சேர்ந்தால் அது அதே உடல். ஆகவே மேரியைப் பற்றி நான் கேட்பது அதன் கல்லை அல்ல. பிறப்புச் சான்றுக்கும் வீட்டு வரிக்கும் முறையீட்டுக்கும் படியேறி வந்த சனம் திரும்ப அங்கே படியேறுமா? ஏறினால் அது மேரி. ஏறாவிட்டால் வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ள நல்ல பின்னணி, அவ்வளவுதான்.

நல்ல காரியமும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதி என்று ஜனங்கள் சொல்கிற கால்வே சுப்பராய செட்டி வீதி இருக்கிறது. பிரெஞ்சு வீடு மதிலுக்குள் ஒளிந்து நிற்கும். தமிழ் வீடு தெருவைப் பார்த்துத் திண்ணை நீட்டி, அதற்கு முன்னால் ஓடு வேய்ந்த தாழ்வாரம் இறக்கி, வெயிலில் வருகிற யாருக்கும் நிழல் கொடுக்கும். கீழே தமிழ்த் திண்ணையும் மேலே பிரெஞ்சு வளைவுமாக இரண்டும் கலந்த வீடுகளும் அங்கே உண்டு. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பிரான்சின் வில்நெவ் சூர் லோ, இத்தாலியின் உர்பினோ நகரங்கள் கூட்டுச்சேர, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அந்த வீதியின் முகப்புகளை மீட்டுக்கொடுத்தது. 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது விருது இல்லை. பாரம்பரியம் என்றால் வாய்க்காலுக்குக் கிழக்கேதான் என்று இருந்த கண்ணை அது மேற்கே திருப்பியது. வீட்டுக்காரர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களையும் சேர்த்துக்கொண்டு நடந்த வேலை அது. திருப்பணி என்ற சொல்லுக்குத் தகுதியானது.

இதற்கு மேல் பேச எனக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்கலாம். வெள்ளைக்காரன் விட்டுப்போனதைப் போற்றாதே என்று நான் சொல்லவே முடியாது. என் வாழ்க்கையில் பாதி அவர்கள் கொண்டுவந்தது. 1838-இல் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பிவந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் கத்தோலிக்க ஊர்களுக்கு அந்த மிஷன் வழியாகத்தான் பள்ளிக்கூடமும் பூசையும் வந்தன. ஒரு ஆகஸ்ட் மாதத்தில் ரோமாபுரிக் குன்றின் மேல் பனி பெய்தது என்ற பழங்கதையைக் கொண்டு வழங்கும் மாதா, மேகமலை அடிவாரத்து வெயிலில் எங்களுக்குத் தாயாக இருக்கிறாள். அவள் திருவிழாவான ஆகஸ்ட் 5 வந்தால் திருப்பூரிலிருந்தும் கேரளத்து ஏலத்தோட்டத்திலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். சப்பரம் தூக்குகிற தோளில் பிரான்ஸ் எங்கே இருக்கிறது?

திராட்சையும் அப்படித்தான். எங்கள் பன்னீர் திராட்சை வகையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடு வாங்கினோம். பந்தல் போட்டு, கவாத்து வெட்டி, மருந்தடித்து, மழை கெடுத்தால் அழுது, கடன்பட்டு, மறுபடி கவாத்து வெட்டி வளர்த்த கொடி. கூடலூருக்குப் பக்கம் லோயர் கேம்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட ஆங்கிலேய என்ஜினியர். தை பிறந்ததும் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். வீட்டில் சாமி படத்தோடு அவர் படமும் மாட்டியிருப்பவர்கள் உண்டு. அணை கட்டுகிறபோது காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலியாட்களின் பேரை நாங்கள் அந்தப் பொங்கலில் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் எப்படி எங்களுடையவை ஆயின? யாரும் மீட்டுக்கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையை வைத்தோம், தோளைக் கொடுத்தோம், அதற்குள் வாழ்ந்தோம், வேண்டாததை உதிர்த்தோம். பாண்டிச்சேரியிலும் 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிய பிறகு அது நடந்துகொண்டுதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் பகுதியின் நடுவில் மணக்குள விநாயகர் கோவில் இருக்கிறது, அவர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோவில். அதன் யானை லட்சுமி தினமும் அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தது. 2022 நவம்பர் 30 காலையில் நடைக்குப் போன இடத்தில் விழுந்து செத்தபோது, இறுதி ஊர்வலத்தில் ஊரே தெருவில் நின்றது. தங்கை போனில் அழுதாள். அவள் கத்தோலிக்கச்சி, யானை பிள்ளையார் கோவில் யானை. அந்த அழுகையில் இருந்த பாண்டிச்சேரியை நான் நம்புகிறேன். சுண்ணாம்பு பூசி எடுக்கிற பாண்டிச்சேரி அதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. நம்முடையதாகிக்கொண்டிருந்த தெருவை மறுபடி அவர்களுடையது போல அலங்கரித்து, அதற்குள் நம்மை விருந்தாளியாக வரச்சொல்கிறது. விருந்தாளியாக வரக் காசுள்ளவர்களை மட்டும்.

அந்தப் பகுதிக்குள் யார் எப்படி நடக்கலாம் என்பது அங்கே எப்போதும் வழக்காக இருந்திருக்கிறது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல் ஐரோப்பியர் மாதிரி காலில் பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காக அவரைத் தடுத்தார்கள். பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். மதில் ஓரம் உலாப் போகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் தெருவின் அழகு குறைந்துவிடாது. அந்தத் தெரு இன்னதென்று புரியும்.

அலங்காரம் முதலில் மறைப்பது புண்ணைத்தான். இங்கே நான் என் வீட்டுக் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது. மிஷன் வீதியில் இருக்கிறது சம்பா கோவில், அமலோற்பவ மாதா பேராலயம். இன்றைய கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன்னும் அங்கே சேசு சபையின் கோவில் இருந்தது. அதை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோவில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரத்தில், கவர்னர் துய்ப்ளேயின் ஆட்சியில் அந்தச் சிவன் கோவிலை இடித்தார்கள். துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அந்த நாளை எழுதி வைத்திருக்கிறார். இடித்தவர்களுக்கு முன்னால் நின்றவராகச் சேசு சபையின் கெர்தூ சாமியார் அதில் வருகிறார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதை முதலில் கண்டு எழுதியவர்களில் ஒருவர் அவர். பெரிய படிப்பாளி. என் முன்னோருக்கு விசுவாசம் வந்த வழியில் நின்ற சபையைச் சேர்ந்தவர். அவருடைய படிப்பையும் அந்த நாளையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை இறக்கிவைக்க எனக்கு வழி இல்லை. ஊர்க்காரர்கள் வேதபுரீஸ்வரருக்கு வேறிடத்தில் கோவில் எழுப்பினார்கள். அது இன்று ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெருப் பக்கம் இருக்கிறது.

அதே நாட்குறிப்பில் 1745-ஆம் வருஷத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. அந்தச் சேசு சபைக் கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர். இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். பறையர்கள் கூட்டமாகப் போய்ச் சாமியாரிடம் முறையிட்டார்கள், நாங்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தானே என்று. சுவர் போனது. போன இடத்தில் நாற்காலியும் பெஞ்சும் வந்து உட்கார்ந்து அதே வேலையைச் செய்தன. தமிழ்நாட்டில் இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஆகவே அந்தப் பழைய சுவர் எங்களுக்கு அருங்காட்சியகப் பொருள் இல்லை.

இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் கதையும் உண்டு. அடிமையாக விற்கப்பட்டவர்களைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையே எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கில். 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. கரும்புக் காட்டுக்குப் போன அந்தச் சனம் மாரியம்மனையும் கூடவே கொண்டுபோனது. கல்லும் இல்லை, கோபுரமும் இல்லை, பாஷையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அம்மன் மட்டும் இன்றும் அந்தத் தீவுகளில் இருக்கிறாள். குடியிருப்பவர் இருந்தால் கட்டடம் பின்னால் வந்துகொள்ளும் என்பதற்கு அவர்கள் உயிருள்ள சாட்சி.

உயிர்த்த இயேசுவைப் பற்றி நற்செய்தி சொல்வதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அது புதிய உடல். பூட்டிய வீட்டுக்குள் வந்து நிற்கிறது. கூடவே இருந்தவர்களுக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் ஆணி பாய்ந்த கை அப்படியே இருக்கிறது, ஈட்டி குத்திய விலா அப்படியே இருக்கிறது. தோமா கேட்டபோது அவர் காட்டுவது அவற்றைத்தான். சாவையே வென்ற கடவுளுக்கு ஒரு தழும்பை ஆற்றத் தெரியாதா? ஆற்றாமல் வைத்திருக்கிறார். சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும்போது இதைச் சொல்வேன். புதிதாவதும் காயத்தை மறப்பதும் ஒன்றல்ல, காயம் தெரிந்தால்தான் இன்னார் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும். ஒரு நகரத்துக்கும் அதுவே பொருந்தும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சம்பா கோவிலைப் பார்க்க வருகிறவனுக்கு அதன் கட்டடப் பாணியைச் சொல்லிவிட்டு 1748-ஐச் சொல்லாமல் விடுவது, தழும்பில்லாத ஒரு உடலைக் காட்டி இதுதான் அவர் என்று சொல்வதாகும்.

பழையதைக் கிளறினால் இன்றைக்கு இருக்கிற கோவில்மேல் கல்லெறியத் தோன்றும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வெறும் பயமில்லை, இந்த நாட்டில் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் மறைத்த புண்தான் மற்றவன் கைக்கு ஆயுதமாகப் போகும். காயப்பட்ட கையை நீட்டியவர் முதலில் சொன்னது சமாதானம். குற்றம் செய்த பக்கத்தில் நிற்கிற நாமே எடுத்துச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு இன்னும் பலம் கூடும்.

வெளியூர்களிலும் இதே கதைதான் வேறு வேறு முகத்தோடு. பினாங்கில் பழைய ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரியில் விலகியதும், தலைமுறைகளாகக் குடியிருந்த தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும் வாடகை தாங்காமல் வெளியேறினார்கள். 2008-இல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இலங்கையில் காலிக் கோட்டைக்குள், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களில், வெளிநாட்டுக்காரர்கள் வீடு வாங்கி விடுதியாக்கினார்கள். இரண்டு இடத்திலும் சுவர்கள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன.

பாண்டிச்சேரியில் நெடுநாள் இழுத்த வழக்கு குபேர் அங்காடியுடையது. பெரிய மார்க்கெட் என்று தங்கை சொல்வாள். மீன், பூ, காய்கறி, பழைய இரும்பு, பாத்திரம் எல்லாம் ஒரே கூரைக்குள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று அறிவித்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். அவர்கள் புது மார்க்கெட் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேட்கவில்லை. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் நிற்பவர்களுக்கு நல்ல கூரையின் அருமை தெரியும். மொத்தமாக வெளியேற்றாமல் பகுதி பகுதியாக வேலையைச் செய்யுங்கள், எங்கள் கடை எங்களுக்கே திரும்பி வரும் என்று உறுதி கொடுங்கள் என்றார்கள். மீன் விற்கும் ஒரு அம்மாள் தங்கையிடம் சொன்னது: "கட்டுறத கட்டட்டும்மா. நா எங்க குந்துறதுன்னு மொதல்ல சொல்லட்டும்." ஆகம விதியோ திருச்சபைச் சட்டமோ அவருக்குத் தெரியாது. இரண்டும் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். நகரத் திட்டம் போடுகிறவர்களின் பெரிய புத்தகங்களில் மண்ணின் தாங்குதிறன் இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்கும், வரப்போகும் பயணிகளின் கணக்கு இருக்கும். அவர் கேட்டது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போன தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினேன். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு நாமும் கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பலாம், சம்பா கோவில் வளாகத்தில் ஒரு கல் நடச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். இந்த இடத்தை ஒட்டி ஒரு சிவன் கோவில் இருந்தது, 1748-இல் அதை இடித்தார்கள், இடித்ததில் எங்கள் சபையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், அதற்காக வருந்துகிறோம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 1745-இன் சுவரும் அதே கல்லில் வர வேண்டும்.

"நமக்கும் பாண்டிச்சேரிக்கும் என்னக்கா சம்பந்தம்? அது வேற மறைமாவட்டம்ல" என்றாள் ஒருத்தி. சம்பந்தம் இருக்கிறது என்று நான் நினைப்பதை மேலே எழுதியிருக்கிறேன். இன்னொருவர், மூத்தவர், வேறு விதமாகக் கேட்டார். "கல்லுல என்ன எழுதணும்னு நாமளே உக்காந்து முடிவு பண்ணுனா எப்படிம்மா? கோவில் அவுங்களோடதுல்ல? அவுங்களக் கேக்க வேணாமா?" அவர் சொன்னது சரி. விண்ணப்பத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன். கல்லில் ஒரு எழுத்து வெட்டும் முன், சம்பா கோவில் பங்கு மக்கள் சிலர் வேதபுரீஸ்வரர் கோவிலுக்குப் போய் அங்கே கும்பிடுகிறவர்களைக் கேட்க வேண்டும். மிஷன் வீதியிலிருந்து நடந்தே போய்விடலாம்.